பாதி அரைபட்ட உளுந்தின் சுருதி

பாதிக்கப்பட்டவர் நான்தான் அண்ணாச்சி. மனுவின் முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுங்கள். பெயர் சுடர்க்கொடி, வயது இருபத்திரண்டு, முதுகலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டு. பாதித்தவர் முப்பிடாதி, எங்களுக்குக் கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். என்ன செய்தார் என்றால், ஏழு மாதமாக நான் கிடார் கற்றுக்கொள்வதற்கு ஆதாரமாக இருந்த ஒரு மோட்டாரை, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்.

இல்லை, மோட்டார் என்னுடையது இல்லை. அவருடையதுதான். எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, ஏதோ வழக்கே முடிந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். கோயில் மணி உங்களுடையதா? இல்லை. ஆனால் அதைக் கேட்டுத்தானே நேரம் பார்க்கிறீர்கள்? நாளைக்கு ஒருவர் வந்து மணியைக் கழற்றிக்கொண்டு போனால் சும்மா இருப்பீர்களா? அது மாதிரிதான் இதுவும். பேனாவைக் கீழே வைக்காதீர்கள் அண்ணாச்சி.

நானே எழுதிக்கொண்டுதான் வந்தேன். பதினோரு பக்கம். எழுதத் தெரியாமல் உங்களிடம் வரவில்லை. கலெக்டர் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாதான், "இம்புட்டு எழுதுனா யாரு தாயி படிப்பா? மரத்தடியில மனு எழுதுற அண்ணாச்சிகிட்டக் குடு, ஒரு பக்கத்துல முடிச்சிருவாவ" என்றார். சரி, ஒரு பக்கம். ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்காமல் ஒரு பக்கமாக்க முடியுமா? முடியாது. அதனால் கேளுங்கள். கவனித்துக் கேட்பது என்பது எல்லோருக்கும் வராது. எனக்கு வரும். இந்த வழக்கே அதைப் பற்றியதுதான்.

எங்கள் பல்கலைக்கழக இசை மன்றத்துக்கு ஒரு செயலாளர் இருக்கிறான், ஜெபஸ்டின் என்று பெயர். போன ஆண்டு கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, "கிளாஸுக்குப் போகாம கிடார் வராது, சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். நான் கேட்டேன்: முதன்முதலில் கிடார் வாசித்தவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவனால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் சமோசா இருந்தது என்று பின்னால் சொன்னான். அது ஒரு காரணமா? ஒரு மணி நேரம் விவாதித்தேன். கடைசியில், "ஆண்டு விழா மேடையில் நான் தனியாக வாசித்துக் காட்டுகிறேன். கிளாஸ் கிடையாது, வாத்தியார் கிடையாது, சுருதி பார்க்கிற ஆப்கூடக் கிடையாது. காது. காது மட்டும்தான்" என்று எழுந்து வந்துவிட்டேன். என் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஆண்டு விழாவுக்கான தேர்வு வருகிற வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. இன்று திங்கள். அவசரம் புரிகிறதா? அன்றைக்குத் தோற்றால் மேடை இல்லை. மேடை இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஜெபஸ்டின் என்னைப் பார்த்து, "பரவால்ல சுடர், முயற்சி பண்ணினதே பெரிசு" என்று சொல்வான். அவன் இதமாகத்தான் சொல்வான். அந்த இதத்தை என்னால் தாங்க முடியாது அண்ணாச்சி.

கிடார் எனக்குச் சித்தப்பா மகனிடமிருந்து வந்தது. அவன் வேலை கிடைத்து ஓசூர் போகும்போது, அலமாரிக்கு மேலே கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னான். கிடாருக்கு ஆறு கம்பி. ஒரே ஒரு கம்பியைச் சரியாக நிறுத்திவிட்டால் போதும், அதை வைத்து மற்ற ஐந்தையும் காதாலேயே கூட்டிவிடலாம். ஒரு கம்பியில் குறிப்பிட்ட கட்டத்தை அழுத்தினால் அடுத்த கம்பியின் ஒலி வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கம்பிக்கு ஒலி எங்கிருந்து வரும்? போனைத் தொட மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

இரண்டு வாரம் தேடினேன். மின்விசிறியைக் கேட்டுப் பார்த்தேன், அது வோல்டேஜுக்குத் தகுந்த மாதிரி குணம் மாறியது. தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைக் கேட்டேன், தொட்டி நிறைய நிறையத் தொண்டை கட்டியது. குக்கர் பக்கமே போக முடியாது, ஒவ்வொரு விசிலும் ஒரு விதம். பிறகு ஒருநாள் மாலை நாலேகால் இருக்கும், தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், தரை வழியாக முதுகுத்தண்டில் ஏறி வருகிறது ஒரு சத்தம். முப்பிடாதி அக்காவின் பெரிய கிரைண்டர். உளுந்து போட்டதும் கடகடவென்று ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும், அது இசைக்கு உதவாது. அப்புறம் உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது, 'ம்ம்ம்' என்று ஓர் ஒலிக்கு வந்து நிற்கும் பாருங்கள், இம்மி அசையாது. அதற்குத்தான் ஐந்தாவது கம்பியை முறுக்கி நிறுத்தினேன். மற்ற ஐந்தும் பிள்ளைகள் மாதிரி அதன் பின்னால் வந்து நின்றன.

அதிலிருந்து ஏழு மாதம். தினமும் அதே இடம், அதே நேரம். முதலில் அந்த 'ம்ம்ம்' வரும்வரை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வந்ததும் சுருதி கூட்டுவேன். அப்புறம் விரல் பழக ஏறி இறங்குகிற பயிற்சி. அப்புறம் மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டில் நடுவில் ஓர் இடம், விரலை நீட்டிப் பிடிக்க வேண்டும், எனக்கு நழுவிவிடும். நழுவினால் முதலிலிருந்து வாசிப்பேன். பாதியிலிருந்து தொடங்குவது நேர்மை இல்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை முதலிலிருந்து வந்திருக்கிறேன்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. போனில் எந்தப் பாட்டைப் போட்டாலும் என் கிடாரோடு சேரவில்லை. ஒரு பாட்டு சேரவில்லை என்றால் என் தவறு என்று ஒப்புக்கொள்வேன். எல்லாப் பாட்டும் சேரவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? ஒலிப்பதிவு செய்கிற எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றுதானே? என் அண்ணன் பரிதி ஒருநாள் எனக்குத் தெரியாமல் ஆப்பைத் திறந்து கிடார் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது அந்த ஸ்வரமும் இல்ல, அடுத்த ஸ்வரமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ நிக்கி" என்றான். நடுவில் நிற்பது தவறு என்று யார் சொன்னது? அவன் அதோடு பேச்சை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு விவாதத்தை முடிக்கத் தெரியாது.

அம்மா என்னைக் காது கேட்காதவள் என்கிறார். வாசிக்கும்போது அடுப்பில் பால் பொங்கியதாம், கூப்பிட்டாராம், மூன்று முறையாம். காது கேட்காதவளா நான்! கீழே கிரைண்டரில் உளுந்து எந்தப் பதத்தில் இருக்கிறது என்று மேலே இருந்து சொல்லுவேன். பால் பொங்கினால் பாலைத்தானே திட்ட வேண்டும்?

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். எழுதுங்கள். போன மாதம் மூன்றாவது பாட்டு எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் விரல் நழுவவே இல்லை. முழுப் பாட்டும் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வெற்றி என்று நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து 'ம்ம்ம்' வரவில்லை. 'உய்ய்ய்' என்று வருகிறது. ஏதோ தற்காலிகம் என்று நினைத்தேன். புதன்கிழமையும் 'உய்ய்ய்'. சரி, அதற்கே கூட்டுவோம் என்று ஐந்தாவது கம்பியை முறுக்கினேன், மற்றதையும் முறுக்கினேன். முதல் கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. பார்த்தீர்களா, இந்தக் கோடு? மருத்துவச் சான்றிதழ் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

அறுந்த கம்பியோடு கீழே இறங்கிப் போனேன். முப்பிடாதி அக்கா முழங்கை வரைக்கும் மாவோடு இருந்தார்.

"அக்கா, மோட்டாரை மாத்தினீங்களா?"

"ஆமாட்டி, புதுசு. எப்படிச் சத்தமே இல்லாம ஓடுது பாத்தியா? ஒனக்குத் தொந்தரவு இருக்காது."

தொந்தரவு இருக்காது! கேட்டீர்களா? நான் பொறுமையாக விளக்கினேன். ஏழு மாதம், ஐந்தாவது கம்பி, அடுத்த வியாழக்கிழமைத் தேர்வு, ஜெபஸ்டின், எல்லாம். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "பழச மாட்டுங்க" என்றேன்.

"எப்படி மாட்ட? அதுல அரைச்ச மாவு பொங்க மாட்டேங்கே. ஒரு மாசமா இட்லி கல்லு மாதிரி வருதுன்னு ரெண்டு ஹோட்டல்காரனும் மாவு வேண்டாம்னுட்டான். தெருவுல ஒருத்தி முகத்துக்கு நேரா, 'முப்பிடாதி, ஒங் கை போயிட்டு'ங்கா. இருபது வருஷக் கை, போயிருமா? மோட்டார்தான் கெட்டுட்டுன்னு நெனச்சேன். மாத்தியாச்சு. இப்பவும் பொங்கல. இன்னைக்குக் காலையிலதான் எனக்கு வெளங்குச்சு, மோட்டார் இல்ல. நீதாம்."

"நானா?"

"நீயேதான். நீ மேல கம்பி முறுக்குற சத்தம் கேட்டா உளுந்து பாதி ஆச்சுன்னு அர்த்தம், தண்ணி தெளிப்பேன். நீ ஏறி எறங்கிப் பழகையில கல்ல ஒட்டி வழிச்சு விடுவேன். பொறவு அந்த மூணாவது பாட்டு. நடுவுல வழுக்கி வழுக்கி விழுந்து, மொதல்ல இருந்து வருவ பாரு, அது நிக்கையில எடுத்தா மாவு பஞ்சு மாதிரி இருக்கும். போன மாசத்துல இருந்து நீ வழுக்க மாட்டேங்க. சட்டுன்னு முடிச்சிருத. நானும் சட்டுன்னு எடுத்திருதேன். எப்படிப் பொங்கும்?"

அண்ணாச்சி, சிரிக்காதீர்கள். இது பொது இடம்.

நான் விஷயத்தின் மையத்துக்குப் போனேன். பாதி அரைபட்டதும்தான் நான் சுருதி கூட்டுகிறேன். நான் சுருதி கூட்டுவதால்தான் பாதி அரைபட்டது என்று அவருக்குத் தெரிகிறது. அப்படியென்றால் உளுந்து பாதி ஆனதை உண்மையில் கண்டுபிடித்தது யார்? அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "உளுந்துதான்" என்றார். அதற்குப் பதினோரு பக்கத்தில் ஏழாவது பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

"கடிகாரம் பாக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"கடிகாரத்தப் பாக்கணும்னா உளுந்துல இருந்து கண்ண எடுக்கணும். உளுந்துல இருந்து கண்ண எடுக்கப்படாது. காது சும்மாதான இருக்கு?"

"என் வாசிப்பை என் அனுமதி இல்லாம பயன்படுத்தியிருக்கீங்க அக்கா. அது தப்பு."

"எம் மோட்டார நீ யாருகிட்டக் கேட்டு எடுத்த?"

அது வேறு விஷயம். அதை மனுவில் சேர்க்க வேண்டாம்.

மறுநாள் வியாழக்கிழமை காலை காயலான் கடைக்குப் போனேன். துணைக்கு அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஐந்து மோட்டாரை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ஒயர் கொடுத்து ஓட்டிக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இது இல்லை. இதுவும் இல்லை. இது கிட்டத்தட்ட, ஆனால் இல்லை. உளுந்து இல்லாமல் வெறுமனே ஓட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "அப்படியே கொஞ்சம் சட்னியும் கொண்டாரச் சொல்லுவா, கண்டுக்காதீங்க" என்றான். இப்படிப்பட்டவனை எல்லாம் அண்ணனாக வைத்துக்கொண்டு நான் நியாயத்துக்குப் போராட வேண்டியிருக்கிறது. கடைசியில் கடைக்காரர் மூலையில் ஓர் இரும்புக் கூட்டைக் காட்டினார். முப்பிடாதி அக்கா போட்ட மோட்டார் அதுதானாம். உள்ளேயிருந்த செம்புக் கம்பியை உருவியாகிவிட்டது. என் ஏழு மாதம் அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான் அழவில்லை. இரும்புத்தூள் கண்ணில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தேன். ஒன்று, அதே ஒலி தரும் மோட்டார் ஒன்றைத் தேடி மாட்ட வேண்டும். இரண்டு, இல்லையென்றால் அந்த ஒலியை வேறு வகையில் எனக்கு ஏற்பாடு செய்துதர வேண்டும். மூன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். அவர் அதை வாங்கி, மாவு படாமல் இருக்கச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். சனிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. அன்றைக்கு நான் வாசிக்கவும் இல்லை. அறுந்ததற்குப் புதுக் கம்பி மாட்டி, முறுக்கியதை எல்லாம் தளர்த்தியிருந்தேன்; கிடாரை எடுத்தால் எந்தக் கம்பியும் எந்த இடத்திலும் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த பாட்டே எனக்கு அந்நியமாகக் கேட்டது. சரி, சொல்லிவிடுகிறேன்: ஜெபஸ்டினுக்கு ஒரு செய்தி தட்டிக்கூட வைத்தேன், 'வியாழக்கிழமை என் பெயரை எடுத்துவிடு' என்று. அனுப்பவில்லை. தட்டி மட்டும் வைத்தேன்.

நேற்று மாலை, ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி. முப்பிடாதி அக்கா மாடிப்படி ஏறி வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையெல்லாம் ஈரம், புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எங்கட்டி அந்தப் பொட்டி? எடு."

எடுத்தேன்.

"அந்தக் கம்பியத் தட்டு. கீழ்ச் சத்தம் போடும்லா, அது."

தட்டினேன். தொளதொளவென்று இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயிருந்து, 'ம்ம்ம்' என்றார்.

அண்ணாச்சி, அதே ஒலி. அதே தரை, அதே முதுகுத்தண்டு. மூச்சு முடிந்தால் இழுத்துக்கொண்டு மறுபடி அதே இடத்தில் பிடித்தார், இம்மி அசையவில்லை. நான் கம்பியை முறுக்கினேன். அது மெதுவாக ஏறிப்போய் அவர் குரலுக்குள் புகுந்து காணாமல் போனது. மற்ற ஐந்தும் வந்தன. மூன்றாவது பாட்டை வாசித்தேன். நழுவவில்லை.

முடிந்ததும், "பதினோரு வருசம் அது பக்கத்துலயே நின்னவ. அது சத்தம் எனக்குத் தெரியாதாட்டி?" என்றார்.

நான் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதை மனுவில் போட வேண்டாம்.

அப்புறம் விவாதத்துக்கு வந்தேன். ஏனென்றால் இது எந்தச் சட்டத்திலும் தீர்வு ஆகாது. ஒரு மனுஷியின் தொண்டை மோட்டாருக்கு ஈடாகுமா? தேர்வு நடக்கிற அறை வாசலில் அவர் நிற்க வேண்டும். அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் யார் பொறுப்பு? அம்மா, "வந்தவளுக்குக் காப்பி குடுக்காம என்னட்டி கேள்வி கேட்டுக்கிட்டு இருக்க" என்று உள்ளேயிருந்து கத்தினார். அது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் விடவில்லை. "அக்கா, நோட்டீஸுக்கு எனக்கு முறையான பதில் வேணும். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு எனக்கு அந்தச் சத்தம் கிடைக்குமா, கிடைக்காதா? ஒரே பதிலாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். அந்தப் பதிலில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன், இன்னொரு பாதியை எதிர்த்துத்தான் கலெக்டரிடம் வந்திருக்கிறேன். ஒரு மாணவியிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? என்ன பதில் என்றா கேட்கிறீர்கள்? அதைத்தான் கடைசி வரியாகப் போட வேண்டும். ஒரு சொல் மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்:

"வாரேன். பஸ் ஸ்டாப்புல நிக்கேன், நீ கூட்டிட்டுப் போ. அன்னைக்கு மட்டும் அந்தப் பாட்டச் சரியா வாசிச்சுக்க. வெள்ளிக்கிழம எனக்குக் கல்யாண ஆர்டர் இருக்கு, அன்னைக்கு நாலரை மணியில இருந்து பழையபடி தப்பா வாசி, எனக்கு மாவு பொங்கணும்."